திருப்பணிக் கருத்துரு: வல்லுநர் குழு எதைப் பார்க்கிறது?

ஆரியங்காவு கணவாயைத் தாண்டி வரும் தென்மேற்குக் காற்று தமிழகப் பக்கம் முதலில் தொடுவது புளியறையை. செங்கோட்டைக்கும் குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் சாரல் அதன் பிறகுதான். வைகாசிக் கடைசியில் தொடங்கினால் ஆவணி வரை கல்லில் ஈரம் காயாது. காய்ந்தது போலத் தெரியும்போது ஐப்பசி மழை வந்து மறுபடி நனைத்துவிடும். இந்த வட்டாரத்தில் பழைய கோயில் ஒன்றுக்குத் திருப்பணி செய்ய நினைப்பவர்கள் தீர்மானம், மதிப்பீடு, கையெழுத்து எல்லாவற்றுக்கும் முன்னால் மனதில் வைக்க வேண்டியது இந்த ஈரத்தைத்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது, எங்கே போகிறது என்பதற்குப் பதில் இல்லாத கருத்துரு குழுவின் மேசையில் நகராது.

முதலில் கோப்பு போகும் வழி. கோயில் இந்து சமய அறநிலையத்துறையின் நிர்வாகத்தில் இருந்தால் 1959ஆம் ஆண்டுச் சட்டம்தான் அடிப்படை. அறங்காவலர் குழு இருந்தால் அதன் தீர்மானம் வேண்டும். இல்லையென்றால் தக்கார் தீர்மானம். செயல் அலுவலர் அதை உதவி ஆணையருக்கு அனுப்ப, அங்கிருந்து மண்டல இணை ஆணையர் அலுவலகம் போகும். மண்டல அளவிலான குழுவில் பொறியாளர், ஸ்தபதி, ஆகமம் அறிந்தவர், தொல்லியல் வல்லுநர் ஆகியோர் இருப்பார்கள். அவர்கள் பரிந்துரைத்தால் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஆணையர் அலுவலகத்தில் கூடும் மாநில அளவிலான வல்லுநர் குழுவுக்குப் போகும். அந்த ஒப்புதலுக்குப் பிறகுதான் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பாலாலயம் எல்லாம். இந்த வரிசையை மாற்றி, பாலாலயத்தை முடித்துவிட்டு மனு கொடுப்பவர்கள் உண்டு. நல்ல நாள் போய்விடுமே என்ற தவிப்பு புரிகிறது. ஆனால் சாமியைக் கலாகர்ஷணம் செய்து இறக்கிவைத்த பின் குழு கேள்வி எழுப்பினால், சன்னதி அடைத்தபடியே மாதக்கணக்கில் கிடக்கும். ஊருக்கு அதைவிட மனவருத்தம் வேறில்லை.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவர்களுக்குப் பின்னணியையும் சொல்லிவிட வேண்டும். தமிழகக் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் பழைய மண்டபங்கள் இடிக்கப்பட்டதும், கல்வெட்டுகள் சிதைந்ததும், மணல் வீச்சு முறையில் சிற்பங்களின் முகம் மழுங்கியதும் பல ஆண்டுகளாக நடந்தவை. சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்தது. 7.6.2021 அன்று நீதிபதிகள் ஆர். மகாதேவன், பி.டி. ஆதிகேசவலு அமர்வு அதில் தீர்ப்பளித்து 75 வழிகாட்டுதல்களைத் தந்தது. 2012இலேயே சட்டமன்றம் நிறைவேற்றிய மரபு ஆணையச் சட்டத்தின்படி ஆணையத்தை அமைக்கச் சொன்னதும், பழைமையான கோயில்களிலும் சின்னங்களிலும் கட்டுமான மாற்றம் எதுவும் வல்லுநர் ஒப்புதலும் மேற்பார்வையும் இல்லாமல் நடக்கக் கூடாது என்றதும் அவற்றில் முக்கியமானவை. சட்டத்தில் அறிவிக்கப்பட்ட சின்னமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும் என்பதைக் கவனியுங்கள். ‘எங்கள் கோயில் தொல்லியல் துறைப் பட்டியலில் இல்லையே’ என்ற வாதம் அதோடு முடிந்துவிட்டது.

இப்போது மேசைக்கு வருவோம்.

நாம் எழுதும் கருத்துருக்களில் பெரும்பாலானவை என்ன செய்யப்போகிறோம் என்பதிலேயே தொடங்குகின்றன. தளம் போடுவது, வர்ணம் பூசுவது, மண்டபத்தை நீட்டுவது, கைப்பிடிக் கம்பி வைப்பது என்று நீண்ட பட்டியல், எதிரே தொகை. குழு படிக்கும் வரிசை வேறு. இப்போது என்ன இருக்கிறது, அதில் எது பழசு, எது பின்னால் சேர்ந்தது, எது ஏன் கெட்டது, சரிசெய்யும்போது எது திரும்பக் கிடைக்காமல் போகும்: இந்த ஐந்துக்கும் விடை தெரிந்த பிறகுதான் உங்கள் பட்டியலுக்கே வருவார்கள். ஆகவே கருத்துருவின் முதல் பாதி முழுக்க ‘தற்போதைய நிலை’ என்ற தலைப்பில் இருக்கட்டும். ஒவ்வொரு சுவருக்கும் தூரத்திலிருந்து ஒன்று, கிட்டே ஒன்று என்று படம் வேண்டும். கிட்டே எடுக்கும் படத்தில் அளவுகோல் ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். விரிசலின் அகலம் அப்போதுதான் தெரியும். தரைப்படம் கையால் வரைந்ததாக இருந்தாலும் பாதகமில்லை, அளவு சரியாக இருந்தால் போதும். படம் எந்த இடத்தில் நின்று எடுத்தது என்பதை அந்தத் தரைப்படத்தில் எண் போட்டுக் குறியுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்திருந்தாலே கோப்பு ஒருமுறை திரும்பி வருவது மிச்சம்.

படங்களை வெயில் காலத்தில் மட்டும் எடுத்து அனுப்புவது நம் பக்கத்துக் கோயில்களுக்குப் போதாது. பங்குனியில் சுவர் வெளுத்து, சுத்தமாக, ஒரு குறையும் இல்லாதது போல நிற்கும். அதே சுவரை ஆடியில் பாருங்கள். கூரைக்கும் சுவருக்கும் இடையே ஈரக்கோடு இறங்கியிருக்கும். பாசி எந்த வரி வரை ஏறியிருக்கிறது என்பது தெரியும். பிராகாரத்தில் தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது என்று தெரியும். நோய் எது என்று காட்டும் படம் அதுதான். மழைக்காலப் படமும் வெயில்காலப் படமும் ஒரே இடத்தில் நின்று எடுத்தவையாக இருந்தால், மண்டலக் குழுவின் பொறியாளர் நேரில் வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

ஒழுகும் கூரையை எடுத்துக்கொள்வோம். கல்மண்டபத்துக் கூரையில் மேலே சுருக்கித் தளமும் தட்டோடும் போட்டிருப்பார்கள். தலைமுறைகள் கழித்து ஒழுகத் தொடங்கும்போது மேலே ஒரு கான்கிரீட் போடுவது நம்மூர் வழக்கமாகிவிட்டது. பத்து ஆண்டு கழித்து அதன் மேல் இன்னொன்று. தூணும் உத்திரமும் சுமக்க வேண்டிய பாரம் ஏறிக்கொண்டே போகிறது, ஒழுக்கு நிற்பதில்லை. குழு இங்கே எதிர்பார்ப்பது, பின்னால் ஏற்றிய அடுக்குகளை எடுத்துவிட்டு, பழைய சுண்ணாம்புச் சுருக்கியையே மறுபடி போட்டு, வாட்டம் சரிசெய்து, தண்ணீர் விழும் வாயை அடைப்பின்றி வைப்பது. சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி கலந்து புளிக்கவைத்து அரைக்கும் பழைய முறையை மதிப்பீட்டில் எழுதினால் மட்டும் போதாது. அரைக்கத் தெரிந்த ஆட்கள் யார், எத்தனை நாள் புளிக்கவைப்பார்கள், மழை நாளில் பூச்சு வேலையை எப்படி நிறுத்துவார்கள் என்றும் எழுதுங்கள். சாரல் காலத்தில் சுண்ணாம்புப் பூச்சு இறுகாது என்பது இந்த மண்ணில் வேலை செய்த கொத்தனார் எல்லாருக்கும் தெரியும். தைக்கும் வைகாசிக்கும் நடுவில் வேலையை வைத்துக் காலவரிசை போட்டிருக்கும் கருத்துருவைப் பார்த்தாலே, எழுதியவருக்கு இடம் தெரிகிறது என்று குழுவுக்குப் புரிந்துவிடும்.

சிமென்ட் விஷயத்தில் குழு விட்டுக்கொடுப்பதில்லை. விட்டுக்கொடுக்கவும் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. சிமென்ட் சாந்து பழைய செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும்விட இறுக்கமானது. அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரமும் கூரையிலிருந்து இறங்கும் ஈரமும் சாந்துக் கோட்டின் வழியாக வெளியேற வேண்டியவை. அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம் கல்லின் வழியாகவும் செங்கல்லின் வழியாகவும் வெளியே வருகிறது. கூடவே உப்பும் வந்து மேல்தோலைப் பொரித்து உதிர்க்கிறது. ஆண்டில் பாதி நாள் நனைந்தே நிற்கும் சுவரில் இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல் இடுக்குகளில் சிமென்ட் அடைத்த சுவர் ஊரில் ஏதாவது இருந்தால், விரலால் அந்தக் கோட்டின் இரு பக்கமும் தடவிப் பாருங்கள். சிமென்ட் அப்படியே இருக்கும். பக்கத்துக் கல் மாவாகக் கையோடு வரும்.

அடுத்தது தரை. பிராகாரத்தில் கிரானைட் பலகை பதிக்க வேண்டும் என்பது உபயதாரர்கள் விரும்பிக் கேட்கும் வேலை. ஒவ்வொரு திருப்பணியிலும் பழைய தரைமேல் புதுத் தரை ஏறி, அதிட்டானத்தின் கீழ்ப்படைகள் மண்ணுக்குள் போய்விட்ட கோயில்கள் நிறைய. ஜகதியிலும் குமுதத்திலும்தான் நம் கல்வெட்டுகள் ஓடுகின்றன. எந்தக் குடும்பம் எந்த நிலத்தை விளக்கெரிக்கக் கொடுத்தது, எந்தக் குளத்து மடையை யார் பராமரித்தார்கள் என்ற கணக்கெல்லாம் அங்கே கிடக்கிறது. ஆறு அங்குலம் தரை ஏறினால் இரண்டு வரி போய்விடும். அதோடு, தரை ஏறும்போது கருவறைக்குள் தண்ணீர் திரும்புகிறது. ஆகவே தரை வேலை கேட்கும் கருத்துருவில் பழைய தரைமட்டம் எது என்று ஓரிடத்தில் சிறு குழி எடுத்துப் பார்த்த விவரம் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் குழியைக்கூட தொல்லியல் வல்லுநர் உடனிருக்கும்போதுதான் எடுக்க வேண்டும். தனியே எடுத்துவிட்டுப் படம் அனுப்புவது வேறு வம்பில் கொண்டுபோய் விடும்.

கல்வெட்டு என்று வந்துவிட்டதால், செங்கோட்டை வட்டாரத்துக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். 1.11.1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது. ஆகவே இந்தப் பகுதிக் கோயில்களின் பழைய பதிவுகளைச் சென்னை மாகாணக் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் மட்டும் தேடிவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். கோபிநாத ராவ் தொடங்கிவைத்த திருவிதாங்கூர் தொல்லியல் வரிசைத் தொகுதிகளையும் புரட்டுங்கள். பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு இருந்தால் 824 அல்லது 825 கூட்டினால் கிறிஸ்து ஆண்டு கிடைக்கும். மாதத்தைப் பொறுத்து ஓர் எண் மாறும். மலையாளத்தில் எழுதிய பத்திரமோ தீட்டூரமோ கையில் இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்போடு சேர்த்து இணையுங்கள். கோயில் நிலத்தின் எல்லை குறித்துப் பின்னால் கேள்வி வந்தால் இந்தக் காகிதம்தான் பேசும்.

தலவரலாற்றை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். புளியறை தட்சிணாமூர்த்தி கோயில் என்று ஊரறிந்த சதாசிவமூர்த்தி கோயிலைப் பற்றி, தில்லை நடராசரை ஒரு காலத்தில் இங்கே புளியமரப் பொந்தில் மறைத்துவைத்திருந்தார்கள் என்ற ஐதீகம் வழங்குகிறது. ஊரின் பெயரே அதிலிருந்துதான் என்பார்கள். இப்படிப்பட்ட ஐதீகத்தைக் கருத்துருவில் விட்டுவிடக் கூடாது. மக்கள் எதற்காக வருகிறார்கள், எந்த மரத்தையும் எந்தக் கல்லையும் தொட்டுக் கும்பிடுகிறார்கள் என்பது காப்பாற்ற வேண்டியதைத் தீர்மானிப்பதில் பங்கு வகிக்கிறது. ஆனால் அதைத் தனித் தலைப்பில் வையுங்கள். கட்டடத்தின் காலம் என்ற இடத்தில் கல்வெட்டு, தூணின் அமைப்பு, போதிகையின் வடிவம் ஆகியவை சொல்வதை மட்டும் எழுதுங்கள். சான்று இல்லாமல் ‘ஈராயிரம் ஆண்டு பழைமை’ என்று எழுதினால், குழுவின் தொல்லியல் வல்லுநர் மற்ற பக்கங்களையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

வியாழக்கிழமைக் கூட்டம் போன்ற நெருக்கடி உள்ள கோயில்களில் வரிசைக் கம்பி, நிழல் கொட்டகை, சாய்தளம், கழிப்பறை என்று வசதிகள் கேட்பது நியாயமே. குழு இவற்றுக்கு எதிரி அல்ல. கம்பியைப் பழைய கல்லில் துளைபோட்டு ஊன்றுகிறீர்களா, அல்லது எடைக்கட்டையில் நிறுத்தி எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி வைக்கிறீர்களா என்பதே கேள்வி. தகரக் கொட்டகையின் சாரம் விமானத்தை மறைக்கிறதா, அதன் தண்ணீர் எந்தச் சுவரில் விழுகிறது என்று பார்ப்பார்கள். முதியவர்களுக்கான சாய்தளத்தை மரத்திலோ இரும்பிலோ பழைய படியைத் தொடாமல் மேலே வைக்கும் வரைபடம் கொடுத்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. கடை வைக்கக் கேட்டால் மட்டும் வழி இல்லை. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் பற்றிய தீ அந்த மண்டபத்தையே சாய்த்தது. அத்தனை பெரிய தூண்களைச் செதுக்கத் தகுந்த கல்லைத் தேடிப் பிடித்து மறுபடி எழுப்புவது ஆண்டுக்கணக்கில் இழுத்த வேலை.

இடித்துக் கட்டுதல் என்ற சொல் கருத்துருவில் வந்தால் குழு அங்கே நின்றுவிடும். சாய்ந்த மண்டபத்தைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கும் முறை இருக்கிறது: ஒவ்வொரு கல்லுக்கும் எண், அந்த எண் உள்ள வரைபடம், பிரித்த கற்களை அடுக்கிவைக்க இடம், உடைந்த கல்லுக்கு மாற்றாக எந்தக் குவாரிக் கல், பழைய கல்லோடு நிறமும் மணியும் ஒத்துப்போகிறதா என்ற விவரம். சிதைந்த சிற்பத்தின் கை எப்படி இருந்தது என்று தெரியாதபோது ஊகித்துச் செய்யக் கூடாது என்பது 1964 வெனிஸ் சாசனத்திலிருந்து உலகெங்கும் ஏற்ற கொள்கை. நம் ஸ்தபதிகளில் சிலருக்கு இது பிடிப்பதில்லை. பின்னமான உருவம் வழிபாட்டுக்கு ஆகாது என்பது அவர்கள் மரபு. இரண்டும் மோதும் இடம் உண்மையிலேயே கடினமானது. கருவறை மூர்த்தியில் ஆகமத்தின் சொல்லையும், தூண் சிற்பத்தில் தொல்லியலின் சொல்லையும் முன்வைத்து எழுதினால் குழுவுக்குள் உடன்பாடு எளிதாகிறது.

மரம் முளைத்த கோபுரம் பற்றிச் சுருக்கமாக: ஆலும் அரசும் பிடுங்கப்படக் கூடாது. வெட்டி, வேரைச் சாகவைத்து, காய்ந்த பின் எடுக்க வேண்டும். பச்சை வேரை இழுத்தால் செங்கல்லும் கூடவே வரும்.

சுவரோவியம் இருந்தால் ஸ்தபதியின் மதிப்பீடு போதாது. ஐந்து சபைகளில் ஒன்றான குற்றாலம் சித்திரசபையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அருவிக்கரை ஈரத்தில் சுவர் முழுக்க நிறம் தாங்கி நிற்கிறது அது. அப்படிப்பட்ட சுவரில் ‘வர்ணம் புதுப்பித்தல்’ என்ற ஒரு வரியை மதிப்பீட்டில் எழுதுவதே ஆபத்து. சுதை உருவத்துக்கு வர்ணம் பூசுவது வேறு. பழைய ஓவியத்தின் மேல் தூரிகை வைப்பது அந்த ஓவியத்தை அழிப்பது. ஓவியப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற வேதியியல் வல்லுநரின் அறிக்கையைத் தனியாக வாங்கி இணையுங்கள். சுவரின் மறுபக்க ஒழுக்கை நிறுத்தும் வேலை முதலில், ஓவியத்தைத் தொடும் வேலை கடைசியில் என்று வரிசை இருக்கட்டும். கல்லைச் சுத்தம் செய்யவும் மணல் வீச்சு கூடாது, அது தடைசெய்யப்பட்டது. தண்ணீரும் மென்மையான தூரிகையும் பொறுமையும் போதும்.

மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தின் அருகே உங்கள் இடம் இருந்தால் வழி முற்றிலும் வேறு. அம்பாசமுத்திரம் பக்கம் திருவாலீஸ்வரம் போன்ற இடங்களில் குடியிருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக் கட்டடம் கிடையாது. இருப்பதைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் மட்டும் அனுமதி கேட்கலாம். அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. மனு தகுதிவாய்ந்த அதிகாரியிடம் போகும். அவர் 15 நாளுக்குள் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் அனுமதி அல்லது மறுப்பு. அனுமதி இல்லாமல் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பஞ்சாயத்தில் வாங்கிய கட்டட அனுமதி இதற்கு ஈடாகாது.

உபயதாரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பணமும் பக்தியும் இல்லாமல் இந்தப் பக்கத்தில் பல கோயில்களில் விளக்கே எரியாது. ஆனால் ‘இந்த வேலைக்குத்தான் தருவேன்’ என்று கிரானைட்டையும் பளபளப்பையும் குறிப்பிட்டு எழுதித் தரும் உபயம் கோப்பைச் சிக்கலாக்குகிறது. கூரைச் சுருக்கிக்கும் வடிகாலுக்கும் உபயம் செய்ய முன்வருபவர் அரிது. அந்த வேலைக்கு ஒருவர் பெயர் கொடுத்துவிட்டாலே மற்றவை சுலபமாக நடக்கும்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. தென்காசி காசி விசுவநாதர் கோயிலில் 2025 ஏப்ரல் 7ஆம் தேதி குடமுழுக்கு. அதற்குச் சில நாட்கள் முன்னால், திருப்பணிகள் முறையாக முடியவில்லை என்ற புகார் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், இடைக்காலத் தடை வந்து, பிறகு விலக்கப்பட்டுத்தான் விழா நடந்தது. யார் பக்கம் நியாயம் என்பது இந்த நூலின் வேலை அல்ல. எந்த வேலை எந்த நாளில் முடிந்தது, யார் பார்வையிட்டார் என்று வாரந்தோறும் கையெழுத்தோடு பதிந்துவைத்திருந்தால், இப்படிப்பட்ட கேள்வி எந்தக் கோயிலில் எழுந்தாலும் ஒரே நாளில் பதில் சொல்லிவிடலாம். குழுவின் ஒப்புதல் நிபந்தனைகளோடுதான் வரும். அந்த நிபந்தனைப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் நகலெடுத்து வேலை நடக்கும் இடத்திலேயே ஒட்டிவையுங்கள். கொத்தனாருக்கும் சிற்பிக்கும் அது தெரிய வேண்டும். செயல் அலுவலரின் பீரோவில் இருந்து பயனில்லை.

அதே தென்காசிக் கோயிலை 1446இல் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதில் பழுது வந்து அதைத் திருத்திக் காப்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்களின் அடியை வணங்குகிறேன் என்ற பொருளில் கல்லில் எழுதிவைத்தான். கோபுரம் பின்னாளில் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1990இல்தான் ஒன்பது நிலையோடு மறுபடி எழுந்தது. அரசன் கேட்டது பழுதைத் திருத்துவதைத்தான். கருத்துருவின் முன்னுரையில் என்ன எழுதுவது என்று கேட்பவர்களிடம் அந்தக் கல்வெட்டைப் போய்ப் படித்துவரச் சொல்வேன்.

புளியறையிலோ பக்கத்து ஊர்களிலோ அடுத்த ஆண்டு திருப்பணிக்கு மனு கொடுக்கப்போகிறவர்கள் இந்த ஆடியிலேயே குடையோடு போய் நான்கு சுவரையும் கூரையையும் படமெடுத்து, தேதி போட்டு வைத்துவிடுங்கள். மனுவின் மற்ற பக்கங்களைத் தை மாதத்தில்கூட எழுதிக்கொள்ளலாம்.